வேனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பிரேக்

பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனுக்குப் போர்ஷே காரின் சக்கரமும் பிரேக்கும் மாட்டுவது வெளிநாடுகளில் பலருக்கு ஆசை. இரண்டிலும் ஐந்து போல்ட்தான். ஆனால் போல்ட் வட்டத்தின் விட்டம், 1970 மாடல் வரை வேனில் 205 மி.மீ.; 1971 மாடல் முதல் 112. போர்ஷே 911 காரிலோ 130. அப்படியே பொருந்தாது, ஹப்பை மாற்றவேண்டும், அல்லது அடாப்டர் வைக்கவேண்டும்.

காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் பிரேக் ஆயிலும் அதிகம் தேவை. மாஸ்டர் சிலிண்டர் சிறியதாக இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டியே சுழன்றுவிடும். டயரும் வேனின் பாரத்தைத் தாங்கவேண்டும்.

யாங்கோனில் நாம் குடும்பத்தோடு ஏறும் ஜப்பானிய வேனுக்கும் இதே கணக்குதான். பளபளக்கும் சக்கரத்துக்கு முன்னால் பிரேக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.