லூபஸ் இருக்கும்போதே மாதவிடாய் நின்றால்

லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ள பெண்ணுக்கு 38 வயதில் மாதவிடாய் தள்ளிப்போகிறது. நள்ளிரவில் உடம்பெல்லாம் வியர்த்து விழிப்பு வருகிறது. மூட்டு வலி, ஓயாத அசதி வேறு. 'நோய் மறுபடி கிளம்பிவிட்டது' என்று முடிவுகட்டி ஸ்டீராய்டைக் கூட்டிவிடுவது எளிது. சூலகம் ஓய்ந்துவருகிறதா என்ற கேள்வியைத்தான் அங்கே யாராவது எழுப்ப வேண்டும். சூலகத்தைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை அதற்குப் பதில் தரும். தைராய்டையும் கூடவே பார்ப்பது நல்லது. ஒரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு இன்னொன்று வருவது அபூர்வமல்ல.

சூலகம் 40 வயதுக்குள் ஓய்வதற்கு உடலின் எதிர்ப்பாற்றலே காரணமாகலாம். அட்ரீனல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோயில், ஹார்மோன் தயாரிக்கும் நொதிகள் இரண்டு உறுப்புகளிலும் ஒத்திருப்பதால் சூலகமும் சேர்ந்து அடிபடலாம். லூபஸில் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் கருமுட்டைகளை அழிக்கக்கூடியது.

இப்படி ஓய்ந்த சூலகத்துக்கு ஈடாகத் தரும் ஹார்மோன் மருந்து என்றாலே பயம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு விதைத்த பயம் அது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. இளம் வயதில் இழந்த ஈஸ்ட்ரோஜனை 50 வயது வரையாவது ஈடுசெய்வது வேறு விஷயம். ஸ்டீராய்டு ஏற்கெனவே எலும்பைக் கரைக்கிறது, லூபஸ் இதயத்தைப் பாதிக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் இல்லாமல் போனால் இரண்டும் இன்னும் மோசமாகும். இதை விளக்காமல் 'உங்களுக்கு ஹார்மோன் கூடாது' என்று ஒரே வரியில் அனுப்பிவைப்பது அநியாயம்.

மாதவிடாய் நின்ற லூபஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு லேசான நோய்ச் சீற்றங்கள் கூடின. கடுமையானவை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆகவே நோய் அடங்கியிருக்கிறதா என்பது முக்கியம். அதைவிட முக்கியம், ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஹார்மோன் சிகிச்சையைத் தவிர்க்கவே மருத்துவர்கள் சொல்வார்கள். நெகட்டிவ் என்றால், தோலில் ஒட்டும் பட்டை மாத்திரையைவிடப் பாதுகாப்பானது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் நேரே ரத்தத்தில் கலப்பதால், கல்லீரலைத் தூண்டி உறைதல் புரதங்களைப் பெருக்குவதில்லை. கர்ப்பப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்றவை திடீரென எழும் உடல் சூட்டைக் குறைக்கும். வெயிலைத் தவிர்க்கும் லூபஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம் என்பதால், எலும்பு அடர்த்தியோடு அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இளம் வயதில் ஓய்ந்த சூலகம் திடீரென்று விழித்துக்கொள்ளலாம். சிலர் கருவுறவும் செய்கிறார்கள். லூபஸுக்காக மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கருவுற்றால், அந்த மருந்துகள் கருவுக்கு ஆபத்து. ஹார்மோன் சிகிச்சை கருத்தடையாகாது. தனியாகக் கருத்தடை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.