அளக்காமல் விட்ட சைக்கிள்கள்

ஏழை நாடுகளில் எந்தத் திட்டம் பலன் தருகிறது, எது பணத்தை விழுங்கிவிட்டுப் போகிறது என்று களத்தில் இறங்கி அளந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு இது நல்ல காலம். 2019இல் பொருளாதார நோபல் பரிசே அந்த வேலைக்குக் கிடைத்தது. இந்த வட்டாரத்தில் அடிக்கடி பேசப்படுவது பீகார் சைக்கிள். அதைப் படிக்கும் புதுக்கோட்டைக்காரருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும்.

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. ஆய்வாளர்கள் அந்தப் பெண்களைப் பையன்களோடும், அப்போது அப்படியொரு திட்டம் இல்லாத பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பிறகு ஜாம்பியாவிலும் சைக்கிளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இங்கே புதுக்கோட்டையில் 1991இலேயே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டுமல்ல. ஜல்லி உடைத்தவர்கள், ரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர்கள், வயல் வேலைக்காரர்கள், பால்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோக, பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அந்த பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அதே காலம்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் கையில் மிஞ்சியது. விளைந்ததை இரண்டு ஊர் தள்ளிக் கொண்டுபோய் விற்க முடிந்தது. தண்ணீர்க் குடம் இடுப்பிலிருந்து கேரியருக்கு மாறியது. இதெல்லாம் அந்தப் பெண்களிடம் பேசி எழுதியவர்கள் பதிவு செய்தவை. ஆனால் சைக்கிள் வருவதற்கு முன் அந்த வீட்டு வருமானம் என்ன, பின் என்ன? சைக்கிள் கற்ற தாயின் மகள் எத்தனாவது வரை படித்தாள்? பீகார் கணக்கைப் போல ஒப்பிட்டுச் சொல்ல நம்மிடம் ஒரு எண்ணும் இல்லை.

பெண்ணின் துணிச்சலைத் தராசில் வைக்க முடியுமா என்பார்கள் இயக்கத்துக்காரர்கள். முடியாதுதான். என்றாலும் நிதி ஒதுக்குகிறவர் மேசைக்கு எண்தானே போகிறது! 2021இல் வந்த மகளிர் இலவச பஸ்ஸைப் பாருங்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இன்றைக்கு அந்தத் திட்டத்துக்காக வாதாடுகிறவர் எவரும் முதலில் எடுத்துப்போடுவது அந்த 888தான். சைக்கிளுக்காகப் பேச வருகிறவரிடம் இருப்பது பழைய புகைப்படங்கள்.

பீகார் ஆய்வு பள்ளிச் சேர்க்கையைத்தான் அளந்தது. முப்பது வயதில் முதல்முறையாக ஹேண்டில்பாரைப் பிடித்த கூலிக்காரப் பெண்ணின் சம்பாத்தியம் அதில் வராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் கீரனூர், அன்னவாசல், குடுமியான்மலைப் பக்கம் இருக்கிறார்கள். அன்று 25 வயதில் கற்றவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டி இருக்கும். முழங்கால் வலியால் பலர் மிதிப்பதை விட்டிருக்கலாம். கேட்டால் கணக்குச் சொல்வார்கள். மாவட்டத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் தலைப்புத் தேடி அலையும் முதுகலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை இது.