தலைவர் அம்மா எங்கே? ஷூ கம்பெனியில்!

ஆம்பூர்:
பள்ளிக்கூடத்தில் பெரிய பதவி யாருக்கு? தலைமை ஆசிரியருக்குத்தானே என்பீர்கள். அரசுப் பள்ளியில் கதை வேறு! பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர், அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். தலைமை ஆசிரியர் குழுவைக் கூட்டுகிறவர், அவ்வளவுதான்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த பதவி இது. குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேருடன் அமைந்த குழு, 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக வளர்ந்தது. மாணவர்களுக்கும் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று 5 அணிகள். ஒவ்வொன்றுக்கும் மாணவர் தலைவர்கள்.

வெறும் காகிதக் குழு என்று நினைக்க வேண்டாம். குடிநீர், கழிப்பறை, சத்துணவு, இடைநின்ற பிள்ளைகள் எல்லாம் இதன் பொறுப்பு. 2022-ல் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் வேலையே இந்தக் குழுவிடம் போனது!

மணி மூன்றுக்கு எப்படி வருவது?

சிக்கல் இங்கேதான். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. மாதக் கூட்டங்களோ வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்தப்பட்டன. மிஷினை நிறுத்திவிட்டு வர முடியுமா? அரைநாள் சம்பளம் போச்சே!

வராமல் போனால் நஷ்டம் பள்ளிக்கு. பத்தாவது முடித்த பெண் படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறப்போகிறாள் என்பது முதலில் யாருக்குத் தெரியும்? அதே பஸ்ஸில் போகும் தாய்மாருக்குத்தான். ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு சொல்லும்போது காலம் கடந்திருக்கும். பாலாறு கெட்டுப்போன இந்தப் பகுதியில், பள்ளிக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று விடாமல் கேட்கவும் அவர்கள்தான் வேண்டும்.

மாநிலம் முழுவதும் பெற்றோரைத் திரட்டிய முதல் பெரிய கூட்டம் 20.3.2022 அன்று நடந்தது. அது ஞாயிற்றுக்கிழமை! அன்று தெரிந்த சூட்சுமம் பிறகு எங்கே போயிற்று?

ஆசிரியர்களுக்கும் ஞாயிறு ஒன்றுதான் நிம்மதியான ஓய்வு. அவர்கள் முணுமுணுத்தால் அதிலும் நியாயம் உண்டு. அதற்கு ஈடாக ஒரு நாள் லீவு கொடுக்கலாம். இல்லை, மாதம் ஒரு தடவை 2 மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் கம்பெனிக்காரர்கள் பர்மிஷன் தரலாம். வெளிநாட்டு ஆர்டருக்காக எத்தனையோ விதிகளுக்குத் தலையாட்டுகிறவர்கள், இதற்கும் ஆட்டினால் குறைந்தா போய்விடுவார்கள்?

கூட்டத் தீர்மானங்களை ஏற்றுவதற்குக் கைப்பேசிச் செயலி ஒன்றும் வந்தது. தலைவர் அம்மா ராத்திரி வீடு திரும்பி, தன் 'தலைமையில்' என்ன முடிவானது என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்!