நாட்டுத்துப்பாக்கி துடைக்கும்போது வெடிப்பது ஏன்? எண்ணெய்க்கு முன்னாடி வெந்நீர்!

கள்ளக்குறிச்சி:

துப்பாக்கியை துடைத்தபோது குண்டு பாய்ந்தது என்று செய்தி வந்தால், "குண்டு இருக்கும்போது எவனாவது துடைப்பானா?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். துடைப்பான். ஏனென்றால் நாட்டுத்துப்பாக்கிக்குள் குண்டு இருப்பது வெளியே தெரியாது.

கல்வராயன்மலையில் மரவள்ளி, சாமை காட்டுக்கு பன்றிக்காவல் போக துப்பாக்கி எடுத்தது பழைய பழக்கம். இதில் மருந்து, பால்ரஸ் குண்டு எல்லாமே குழல் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். பின்பக்கம் திறந்து தோட்டாவை உருவும் வேலையெல்லாம் நடக்காது. பன்றி வரவில்லையா? கெட்டித்த மருந்தோடு துப்பாக்கி வீட்டுக்கு வந்து பரணில் ஏறிவிடும். பத்து நாள் கழித்து தம்பியோ மகனோ அதை எடுத்து துடைப்பான். அவனுக்கு எப்படி தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கு. முதலில் கேப்பை கழற்றணும். முகத்தை குழலுக்கு நேராக கொண்டு போகாமல், கம்பியை மெதுவாக உள்ளே விட்டு, வாய் கிட்ட அடையாளம் போடணும். கம்பியை உருவி குழல் மேலேயே வைத்து அளந்தால், அடிவரை போயிருக்கணும். நாலு விரல் குறைந்தால் உள்ளே சரக்கு இருக்கு! குத்தக்கூடாது, சூடு காட்டக்கூடாது. அப்படியே வைத்துவிட்டு போலீசுக்கு சொல்லணும்.

காலி என்று தெரிந்த பிறகுதான் சுத்தம். எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. புகையும் உப்புக்கசடுமாக நிற்கும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். மலைப்பனியில் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். பலரும் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவி முடித்துவிடுகிறார்கள். எண்ணெயில் உப்பு கரையாது, அடியில் துரு அரித்துக்கொண்டே இருக்கும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாக காயவைத்து, கடைசியில்தான் எண்ணெய். துருவில் மெலிந்த குழல் சுடும்போது கையிலேயே வெடிக்கும்.

இதெல்லாம் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. லைசென்ஸ் இல்லாதவர் சுத்தம் செய்து என்ன பயன்? 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு ஜெயில். செய்து விற்றால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகும்.

தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மலை கிராமங்களில் போலீசார் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்போது சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் எல்லையில் போட்டுவிட்டு போய்விடுகிறார்கள். விடிந்ததும் மாடு ஓட்டிப் போகிற பிள்ளை கையில்தான் அது முதலில் கிடைக்கும். ஊர் பெரியவர் மூலம் நேரில் கொடுங்கள். உள்ளே மருந்து இருக்கா, இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள்.