விடுமுறைப் பிரயாணமும் சிறுவர் மூட்டையும்

பிரயாணத்துக்கு நாள் குறித்தவுடன் வண்டி, செலவு, தங்குமிடம் என்னும் மூன்றுமே பெரியோர்க்குக் கவலையாகின்றன. வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியர்க்கோ கவலை ஒன்றே. அது 'நான் எதை எடுத்துக்கொண்டு வரலாம்?' என்பதாம். இக்கேள்வியை அற்பமென்று எண்ணி, "நீ சும்மா இரு, எல்லாம் அம்மா எடுத்து வைப்பாள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் நம்மவருள் பலர். வேறு சிலர், குழந்தை அழக்கூடாதென்று எதை எடுத்தாலும் தலையசைத்துவிட்டு, புறப்படும் நாளன்று பஸ் வந்து நிற்கும் வேளையில் பையைத் திறந்து பார்த்து, பாதியை வீதித் திண்ணையிலே எறிகின்றனர். முன்னவர் குழந்தைக்கு வாயில்லாமற் செய்தனர். பின்னவர் கொடுத்த வாக்கைத் தாமே பறித்தனர். இவ்விரண்டுமின்றி, எல்லையை வகுத்தல் பெற்றோர் கடமை, அவ்வெல்லைக்குள் தெரிந்தெடுத்தல் குழந்தையின் உரிமை என்று பிரித்துக்கொண்டால், இக்காரியம் எவ்வளவு எளிதாகின்றது என்பதை இங்குச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

எல்லை என்பது போகுமிடத்தைப் பொறுத்தது. தருமபுரி மாவட்டத்திலுள்ள அரூரை எடுத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் இவ்வூர்க் குடும்பம் ஒன்று புறப்படுமாயின், பெரும்பாலும் அது செல்லும் இடங்கள் சிலவே. பாட்டி வீடு முதலாவது. அடுத்தது சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தீர்த்தமலை. பின்னர், தருமபுரி சென்று அங்கிருந்து 46 கிலோமீட்டர் போய்ச் சேரும் ஒகேனக்கல். மஞ்சவாடிக் கணவாய் வழியே சேலம் போய் அங்கிருந்து மலையேறும் ஏற்காடு மற்றொன்று. தூர தேசம் போவோர் அண்மையிலுள்ள மொரப்பூரில் ரயிலேறுவர். தீர்த்தமலைக்குப் படியேறத் தக்க செருப்பு வேண்டும். ஒகேனக்கலுக்கு மாற்றுடையும் துண்டும் வேண்டும். கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ கோடையிலும் இரவில் குளிர் தெரியுமாதலால் கம்பளிச் சட்டை வேண்டும். அரூர் வெயிலில் நிற்கும் சிறுவனிடம் கம்பளிச் சட்டையை நீட்டினால் அவன் நகைப்பான். அவனுக்குக் காரணத்தைச் சொல்லுதல் வேண்டும். காரணம் சொல்லப்பெற்ற குழந்தை தானே அதை மடித்து வைப்பதை நாம் கண்டதுண்டு.

இனிச் சுமையைக் கருதுவோம். குழந்தை தன் பையைத் தானே சுமத்தல் வேண்டும் என்பது நமது கொள்கை. சுமக்க முடியாததைக் கொண்டுவரலாகாது என்பது அதிலிருந்தே பெறப்படும். எவ்வளவு சுமக்கலாம் என்பதற்குப் பள்ளிப் பை ஒரு அளவுகோல் தருகின்றது. ராஜ்யசபையின் நியமன உறுப்பினராயிருந்த ஆர். கே. நாராயண் 1989ஆம் ஆண்டில் அச்சபையில், சிறுவர் முதுகை வளைக்கும் புத்தக மூட்டையைப் பற்றியே முறையிட்டார். கதாசிரியர் ஒருவர் சட்டசபையிற் பேசத் தெரிந்துகொண்ட பொருள் இதுவென்பது கருதற்பாலது. அதன் பின்னர்ப் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலமைந்த குழு 1993ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டின் மத்திய அரசாங்கப் பள்ளிப்பைக் கொள்கையோ, பையின் எடை மாணவன் உடலெடையிற் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கின்றது. முப்பது கிலோ எடையுள்ள ஒரு சிறுமிக்கு இது மூன்று கிலோவாகும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. பாத்திரத்தின் எடை வேறு. எஞ்சியதில் இரண்டு மாற்றுடை, ஒரு துண்டு, ஒரு புத்தகம், ஒரு விளையாட்டுப் பொருள் ஆகியவை அடங்கும், அவ்வளவே. வீட்டில் தராசில்லையெனில் மளிகைக்கடைத் தராசு போதும். குழந்தையே நிறுத்துப் பார்க்கட்டும். "இது அதிகம்" என்று தகப்பனார் நூறுமுறை சொல்வதைக் காட்டிலும், தராசு ஒருமுறை சொல்வது அதன் உள்ளத்திற் பதியும். தராசோடு யாரும் வாதாடுவதில்லை.

ரயிலில் செல்வோர்க்கு வேறொரு கணக்குமுண்டு. கட்டணமின்றி ஒருவர் கொண்டுபோகத்தக்க சாமான் இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, படுக்கை வகுப்பில் 40 கிலோ என்பதும், 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு அதிற் பாதி என்பதும் விதி. ஆயினும் இவ்விதியைக் காட்டிப் பெரியோர் தம் சாமானைக் குழந்தையின் கணக்கில் ஏற்றுவது நியாயமன்று.

எடையைவிடப் பெரிதாகிய விஷயம் ஆபத்து. இங்கு மட்டும் குழந்தையின் விருப்பத்துக்கு இடமில்லை. தீபாவளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் சிறுவன், தனக்கு வாங்கித் தந்த பட்டாசையும் மத்தாப்பையும் அங்குள்ள பிள்ளைகளோடு கொளுத்தி மகிழ எண்ணித் துணிகளுக்கிடையே மறைத்து வைப்பது இயல்பு. அவன் ஆசையில் குற்றமில்லை. ஆனால் அப்பொருள் வண்டியிலேறலாகாது. எரியத்தக்க, வெடிக்கத்தக்க பொருள்களைச் சட்டத்துக்கு மாறாக ரயிலிற் கொண்டுசெல்வோர்க்கு, 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுவரை சிறையோ, ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும்; சட்டம் ஏன் வந்தது என்பதன்றோ முக்கியம்? 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், வடநாட்டிலிருந்து யாத்திரை வந்தோர் தங்கியிருந்த தனிப்பெட்டி ஒன்று மதுரை ரயில் நிலையத்தருகே தீப்பற்றி, ஒன்பது பேர் மாண்டனர். தடையை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் வாயு உருளையே காரணமென ரயில்வேயார் அறிவித்தனர். அவர்கள் செய்ய விரும்பியது தேநீர் முதலியன காய்ச்சிப் பருகுதல் என்னும் மிகச் சிறிய காரியமே. மூடிய பெட்டி, நெருங்கிய ஜனம், ஒடுங்கிய வாசல் ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்துச் சிறு நெருப்பும் பெருநெருப்பாகிவிடுகின்றது. இதனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒளியாது சொல்லலாம். சொல்லி, பட்டாசைத் திரும்ப வாங்கி வைக்கும்போது, போகுமிடத்தில் அதற்கீடாக வாங்கித் தருவோம் என்று வாக்களித்து, அவ்வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். பஸ்ஸில் போவோர்க்கும் இதே நியாயந்தான். பஸ்ஸில் நெருக்கம் இன்னும் அதிகம்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு சொல். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் முதலியன தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டுள்ளன. நீலகிரி போன்ற மலைநாட்டிலோ கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. எவர்சில்வர்க் குப்பியே சிறுவர்க்கு ஏற்றது. தீர்த்தமலையிலும் ஒகேனக்கலிலும் பிளாஸ்டிக் உறையின் சலசலப்புக் கேட்டாற் குரங்குகள் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. கையில் தின்பண்டம் ஏந்திய குழந்தைதான் அவற்றுக்கு முதலிற் கண்ணிற் படுவது. ஆகவே தின்பண்டம் குழந்தையின் பையில் வேண்டா, மூடியுள்ள தூக்கில் பெரியவர் கையிலே இருக்கட்டும்.

ஏற்காட்டுப் பாதையில் சேலத்திலிருந்து ஏறுகையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கே வண்டியில் தலைசுற்றலும் வாந்தியும் அதிகம் வருகின்றன. கண் அசையாத புத்தகத்தையோ செல்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்க, உட்செவியோ உடல் சுழல்வதை உணர்த்த, இவ்விரு செய்திகளும் முரண்படுதலே இதற்குக் காரணமென்பர். ஆதலின் கதைப் புத்தகம் பையில் இருக்கலாம். மலையேறும்போது கையில் இருக்கலாகாது. நம் வீடுகளில் முகர்வதற்குக் கொடுக்கும் எலுமிச்சம்பழம் ஒன்றைக் குழந்தையே தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாற்றுச் சட்டை பையின் அடியிலன்றி மேலே இருப்பது நலம். வாந்தியெடுத்த பிள்ளைக்காக ஓடும் பஸ்ஸில் மூட்டையைக் குடைந்து பார்த்தவர் இதன் அருமையை அறிவர்.

இதுவரை கூறியன எல்லாம் அளந்து பார்க்கத்தக்கவை. இனிக் கூறுவதை அளத்தல் இயலாது. பையில் இடம் குறைந்தவுடன் தாய்மார் முதலில் எடுத்தெறிவது எதுவெனின், குழந்தை முதலில் வைத்த பொருளே. அது காது கிழிந்த துணிக் கரடியாயிருக்கலாம். அல்லது பல ஆண்டுகளாய்த் தூங்கும்போது விரலிற் சுற்றிக்கொள்ளும், தாயின் பழஞ்சேலைத் துண்டாயிருக்கலாம். "இந்தக் கந்தலை ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்பது தாயின் கேள்வி. ஊரார் ஒன்றும் நினைக்கமாட்டார் என்பதே நமது எண்ணம். டொனால்டு வினிகாட் என்னும் ஆங்கில மருத்துவர் 1951ஆம் ஆண்டில் வாசித்த கட்டுரை ஒன்றில் இத்தகைய பொருள்களையே ஆராய்ந்தார். தாயினின்று சிறிது சிறிதாகப் பிரிந்து தனித்து நிற்கக் கற்கும் குழந்தைக்கு, தாய்க்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் பாலம் போன்றது அப்பொருள் என்பது அவர் கருத்தின் சாரம். அதைக் குழந்தையின் சம்மதமின்றித் துவைத்தாற்கூட அதன் மணம் மாறிப் பயனற்றுப் போகலாம். புதிய ஊர், புதிய கட்டில், இரவெல்லாம் அருவியின் ஓசை ஆகிய இவற்றினிடையே பழகியது ஒன்றாவது வேண்டுமன்றோ?

போர்க்காலத்துச் செய்தி ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. 1939 செப்டம்பர் தொடக்கத்தில், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி லண்டன் முதலிய நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான பிள்ளைகளை ஆங்கில அரசாங்கத்தார் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். பிள்ளைகள் கொண்டுபோக வேண்டுவன இவையென்று பட்டியலும் தந்தனர். நச்சுவாயு முகமூடி, மாற்றுள்ளாடை, பல்துலக்கி, சீப்பு, கைக்குட்டை முதலியன அதிற் கண்டவை. பொம்மை அதிலில்லை. ஆயினும் அந்நாளைய நிழற்படங்களில், கழுத்தில் பெயர்ச்சீட்டுத் தொங்க நிற்கும் பிள்ளைகள் பலரின் கக்கத்தில் ஒரு பொம்மை இருப்பதைக் காண்கிறோம். பட்டியலில் இல்லாததை யாரோ ஒரு தாய் அனுமதித்திருக்கிறாள்.

செல்பேசியைக் குறித்து நீண்ட வாதம் வேண்டா. பெற்றோர் இருவரும் தத்தம் செல்பேசியைக் கையில் ஏந்தியிருக்க, பிள்ளையினதை மட்டும் வீட்டில் பூட்டுவது எடுபடாது. குடும்பத்துக்கு ஒன்று போதுமென்று பெரியோரும் இசைவாரேல் பிள்ளைகளும் இசைவர்.

பெண்மக்களைப் பற்றி ஒன்று கூறாமலிருத்தல் இயலவில்லை. மூத்த பெண்ணின் பையைத் திறந்து பாருங்கள். தம்பியின் சட்டை, தங்கையின் பால்குப்பி, பாட்டியின் மருந்து, தலைக்கெண்ணெய், சீப்பு இவையெல்லாம் அதிலிருக்கும். அவளுடையதென்று இரண்டு பாவாடைகள் மட்டும் ஓரத்தில் ஒடுங்கியிருக்கும். அவள் தம்பியின் பையிலோ பந்தும் மட்டையும் நிறைந்திருக்கும். 'அவள் பொறுப்பானவள்' என்று நாம் புகழ்கின்றோம். அப்புகழ்ச்சியின் எடை எத்தனை கிலோ என்பதைத் தராசில் வைத்துப் பார்த்தால், அவளுக்குரிய மூன்று கிலோவில் அவளுக்கென்று எஞ்சியது மிகச் சிறிதே என்பது விளங்கும். பத்து வயதுப் பையன் தன் சட்டையைத் தானே மடிக்க மாட்டானா? மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு அதற்குரிய துணியோ பஞ்சணையோ வைத்துக்கொள்ளத் தனியிடம் வேண்டும். அப்பையைத் தம்பியும் சித்தப்பாவும் திறவாமலிருத்தலும் வேண்டும். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல நாம் கூசுவதால், வழியிலே துன்பப்படுபவள் அவளே.

யார் முடிவு செய்வது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1992 டிசம்பரில் இந்தியாவும் இணைந்த குழந்தைகளின் உரிமை உடன்படிக்கை, தன் 12ஆம் பிரிவில், தன்னைப் பற்றிய காரியங்களில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம் என்றும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அக்கருத்து மதிக்கப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. குழந்தை சொன்னதே முடிவு என்று அது கூறவில்லை; கேளாமல் முடிக்கலாகாது என்றே கூறுகின்றது. ஐந்து வயதுக் குழந்தையிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் அது வீட்டையே கேட்கும். "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா? யானையா, கரடியா?" என்று கேட்டால் விடை கிடைக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு எழுத்துப் பட்டியல் ஒன்றைத் தந்து, அவர்களே எடுத்து வைக்க, பெரியோர் ஒருமுறை பார்வையிடுதல் போதும். பதினான்கு வயதுக்கு மேல் பார்வையிடுதலும் வேண்டா. ஆபத்தான பொருள்களை மட்டும் முன்னரே விலக்கிச் சொல்லிவிடலாம். அவன் துண்டை மறந்தால் ஈரத்தலையோடு ஒருநாள் இருப்பான், அதனால் கேடொன்றுமில்லை. ஆனால் இழுப்பு நோயுள்ள பிள்ளையின் மருந்து எந்த வயதிலும் பெரியோர் பொறுப்பே.

இவையெல்லாம் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னரே நடத்தல் நன்று. காவிரியில் நீர்வரத்து மிகுந்தால் ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசலேறவும் மாவட்ட அதிகாரிகள் தடைவிதிப்பது வழக்கமாதலால், அச்செய்தியையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம். நீச்சலுடையோடு போய்க் கரையில் நின்று திரும்பும் பிள்ளையைத் தேற்றுவது எளிதன்று.

பையை முழுதும் நிரப்பாமல் கால்பங்கு காலியாக விடச் சொல்லுக. திரும்பும்போது அதில் ஆற்றங்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கல்லிரண்டு, பஸ் சீட்டு, பாட்டி கொடுத்த புளியங்கொட்டை ஆகியவை வந்துசேரும். காட்டுக்குள்ளிருந்து செடியும் இறகும் எடுத்துவருதல் கூடாதென்று மட்டும் முன்பே எச்சரித்துவிட வேண்டும். கல்லை வாசலிற் கொட்டிவிடாமல், எந்த ஆற்றினது என்று கேட்டு, அலமாரியில் ஓரிடம் ஒதுக்கித் தருக.