துருப்பிடித்த ரீலோடிங் பிரஸ்: காயலான் கடைக்கா, பட்டறைக்கா?

அமெரிக்காவில் வயதான வேட்டைக்காரர் ஒருவர் இறந்துபோனால், அவர் விட்டுப்போன துப்பாக்கிகளுக்கு விலை சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் கராஜ் மூலையில் ஒரு கனமான பலகையில் போல்ட் போட்டு முறுக்கிய கைப்பிடி இயந்திரம் ஒன்று நிற்கும். உடம்பெல்லாம் துரு. சுற்றிலும் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒரு தராசு, லேபிள் கிழிந்த டப்பாக்கள். இதற்கு விலை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். வீட்டம்மாவுக்கு அது என்ன என்றே தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "ஐம்பது டாலர் தரேன், மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறேன்" என்பார். சில சமயம் அது நியாயமான விலை, சில சமயம் பகல் கொள்ளை. துருவைப் பார்த்து "ஆகா, அந்தக் காலத்து இரும்பு" என்று மயங்கி வாங்குபவர் ஏமாறுவதும் நடக்கிறது.

எனக்குத் துப்பாக்கியில் ஈடுபாடு இல்லை. பழைய கைக்கருவிகள் மேல் உள்ள கிறுக்கில்தான் இதற்குள் போனேன். (நம்ம ஊரில் இது பொழுதுபோக்கு ஆக முடியாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வதற்கே உரிமம் வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் தேவை.)

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும்தான். நாலில் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். சுடும்போது அழுத்தத்தில் கூடு கொஞ்சம் உப்பிவிடும். அதை எஃகு டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் மறுபடி பயன்படுத்தலாம். அந்தத் தள்ளும் வேலைக்குத்தான் பிரஸ். கைப்பிடியை அழுத்தினால் ராம் என்ற உருளை கூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், மேலே மரையில் மாட்டிய டைக்குள் நுழைக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இப்போது துருவுக்கு வருவோம். எவ்வளவு துரு என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எங்கே துரு என்று பார்க்க வேண்டும்.

வெளிச்சட்டம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். தடிமனான வார்ப்பிரும்பில் மேல்துரு என்பது வெறும் அழுக்கு மாதிரி. எண்ணெய், கம்பி பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதும். ஆனால் அதே சட்டத்தில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் கதை முடிந்தது. வார்ப்பிரும்பை வெல்டு வைத்து நம்பகமாக ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதோடு இங்கே விசை சாதாரணமானது அல்ல. கைப்பிடியோடு சேர்ந்த இணைப்புக் கம்பிகள் ராம் உச்சிக்குப் போகும்போது கிட்டத்தட்ட நேர்கோட்டுக்கு வரும். அந்தக் கடைசி அரை அங்குலத்தில் கை கொடுக்கும் பலம் பல மடங்காகிறது. அந்த இழுவை முழுவதையும் தாங்குவது சட்டம்தான். 'ஓ' வடிவச் சட்டம் இரண்டு பக்கமும் பகிர்ந்து தாங்கும். 'சி' வடிவம் ஒரு பக்கம் திறந்தது என்பதால் லேசாக வாய் பிளக்கும். எனவே சி வடிவமாக இருந்தால் உள்வளைவில் துருவைத் துடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவி, துணியால் ஒற்றிவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதிலிருந்து எண்ணெய்க் கோடு மெல்லக் கசிந்து வெளியே வரும்.

அடுத்து ராம். இதில் அங்கங்கே புள்ளிப் புள்ளியாகச் சொத்தை விழுந்திருந்தால் பலர் ஓடிவிடுகிறார்கள். என் கணக்கில் அது தப்பு. சின்னக் குழிகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேலையைக் கெடுக்காது. கெடுப்பது ஆட்டம். ராமை முக்கால் உயரத்துக்குத் தூக்கி, விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சும்மா லேசாக அசைந்தால் சரி, டக் டக் என்று சத்தம் வந்தால் உள்துளை தேய்ந்திருக்கிறது. யாராவது துருத்தூளோடேயே வருஷக்கணக்கில் ஓட்டியிருந்தால் இப்படி ஆகும். துருத்தூள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

மேலே டை மாட்டும் மரையையும் பாருங்கள். இந்தத் துறையில் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்பதுதான் பொது அளவு. அந்த அளவில் இருந்தால் இன்று கடையில் வாங்கும் டையும் அந்தக் காலத்து பிரஸ்ஸில் உட்காரும். இல்லையென்றால் அது காட்சிப்பொருள். கூட்டைப் பிடிக்கும் ஷெல்ஹோல்டரிலும் இதே சிக்கல். மினசோட்டா மாநிலம் வசேகாவில் இருந்த ஹெர்ட்டர்ஸ் கம்பெனியின் பிரஸ்கள் யானை மாதிரி உறுதியானவை (அவர்கள் கேட்டலாக்கில் அடித்த தம்பட்டம் இன்னும் உறுதி!). ஆனால் அவற்றுக்கு அவர்களே செய்த ஷெல்ஹோல்டர்தான் பொருந்தும், வேறு வேண்டுமென்றால் அடாப்டர் தேட வேண்டும். விலை குறைவதற்குத் துருவை விட இதுதான் காரணம்.

டைகளில்தான் துரு உண்மையில் பணத்தைத் தின்கிறது. டையின் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஒரு படலம் இருந்தால் மெருகேற்றலாம். குழி விழுந்திருந்தால் உள்ளே போகும் ஒவ்வொரு கூட்டிலும் ஒரே இடத்தில் கீறல் விழும், சிலது மாட்டிக்கொண்டு வெளியே வராது. புது டை செட்டே பெரிய விலை இல்லை, ஆகவே குழி விழுந்த டைக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். ஒரு விதிவிலக்கு, கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கான கார்பைடு டை. வெளியே எஃகு உடம்பு துருவேறி அசிங்கமாக இருக்கும், உள்ளே டங்ஸ்டன் கார்பைடு வளையம் புதுசு போல மின்னும். வளையத்தில் விரிசல் இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம்.

தராசு தனிக்கதை. மருந்தை எடைபோடும் அலகு கிரெயின், ஒரு பவுண்டில் 7000 கிரெயின். தராசு பத்தில் ஒரு கிரெயின் வரை காட்ட வேண்டும், அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம். ஆர்.சி.பி.எஸ். பெயரில் விற்ற 5-10, 10-10 தராசுகளை ஓஹாஸ் கம்பெனிதான் செய்து கொடுத்தது. இன்றும் மவுசு குறையவில்லை. இவற்றில் தண்டின் கத்திமுனை அகேட் கல்லின் மேல் உட்காரும். கல் துருப்பிடிக்காது, கத்திமுனை பிடிக்கும். பூஜ்யத்தில் நிறுத்தி, விரலால் தட்டிவிட்டு, பத்துத் தடவை பாருங்கள். பத்திலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆட்டத்தை அடக்கும் காந்தங்களின் நடுவே இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும் தண்டு மாட்டும், அது துடைத்தால் போய்விடும். கத்திமுனை மழுங்கியிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இங்கே பிழை நேர்ந்தால் சுடுபவர் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

துரு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் பலர் கேட்பதில்லை. கராஜ் ஈரம் என்று விட்டுவிடுகிறார்கள். புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது நாள்பட்டுச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வரும், ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். மூடிய அலமாரியில் கெட்டுப்போன மருந்து டப்பா ஒன்று இருந்தால் சுற்றியுள்ள எஃகு எல்லாம் அரிக்கும். ஆகவே அலமாரியில் ஒரு பக்கம் மட்டும் துரு அதிகமாக இருந்தால் அங்கே என்ன டப்பா இருக்கிறது என்று பாருங்கள். புளித்த, மூக்கைக் குத்தும் நெடி, செம்பழுப்புப் புகை, டப்பாவின் உள்பக்கம் துரு, இவை கெட்டதற்கு அடையாளம். அதைச் சேர்த்து வைக்கக் கூடாது, தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம். லேபிள் இல்லாத மருந்து நன்றாகத் தெரிந்தாலும் மதிப்பு பூஜ்யம். பாட்டிலில் கொட்டி வைத்த ப்ரைமர்கள் அதைவிட மோசம், ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். யாரோ நிரப்பி வைத்துவிட்டுப் போன தோட்டாக்களையும் சுடக் கூடாது. விலை பேசும் முன் தீயணைப்பு நிலையத்துக்கோ போலீசுக்கோ போன் போட்டு இவற்றை அப்புறப்படுத்த வழி கேட்கச் சொல்லுங்கள். வீட்டம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவாகத்தான் இருக்கும்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. வினிகரில் ஊறவைப்பது சட்டத்துக்குச் சரி, கழுவியவுடன் எண்ணெய் தடவாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு பூக்கும். மின்பகுப்பு முறையில் ஸ்டெயின்லெஸ் தகட்டை நேர்மின்முனையாக வைக்கவே கூடாது, விஷமான குரோமியம் கரைசலில் சேரும். கடினப்படுத்திய டை, ஸ்பிரிங் இவற்றை அந்தத் தொட்டியில் போடவும் வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வரலாம். 19ஆம் நூற்றாண்டு ஐடியல் கம்பெனியின் இடுக்கி மாதிரிக் கைக்கருவி கிடைத்தால் எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். சேகரிப்பாளர்களுக்கு அந்தக் கருத்த மேல்தோல்தான் வேண்டும், பளபளப்பாகத் தேய்த்தால் மதிப்பு சரியும்.

விலைக்கு என் முறை இதுதான். பிரஸ்ஸைக் கடைசியில் பாருங்கள், முதலில் சின்னப் பெட்டிகளை எண்ணுங்கள். ஷெல்ஹோல்டர்கள், நல்ல டை செட்டுகள், வேலை செய்யும் தராசு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பழைய விலை போட்டுக் கூட்டினால் பல சமயம் பிரஸ்ஸைத் தாண்டிவிடும். அந்த ஐம்பது டாலர்காரருக்கு இது தெரியும். பிறகு பிரஸ். கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ்.ஸின் பச்சை நிற ராக் சக்கர் என்றால், சட்டமும் துளையும் நன்றாக இருந்தால், துருவுக்காக விலையை ரொம்பக் குறைக்க வேண்டியதில்லை. கைப்பிடி, பின், ஸ்பிரிங் போன்றவை தனியாகக் கிடைக்கும். பெயர் தெரியாத, உதிரிபாகம் கிடைக்காத பிரஸ் என்றால் துருவே இல்லாவிட்டாலும் எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும்.