கல்லூரிச் செய்தி நம் லயத்துக்கு வரும் வழி



விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு, அறிவிப்பு என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று யாருக்கு எந்த நிரையில் வேலை, சம்பளம் என்றைக்கு, மருந்து தெளிக்கும் பக்கம் யார் போகக்கூடாது என்பதையெல்லாம் மண்டோர் ஒரு முறை சொல்வார். முன்னால் நின்றவர் காதில் அது விழும். பிந்தி வந்தவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். பக்கத்தில் நிற்பவரும் அரைகுறையாகக் கேட்டிருந்தால், இருவருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். அறிவிப்பு செய்யப்பட்டது என்பது வேறு, அது நமக்கு வந்து சேர்ந்தது என்பது வேறு. இந்த உண்மையைப் பெரட்டுக் களத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் இடம் வேறு இல்லை.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்கூட ஒரு வகையில் பெரிய தோட்டந்தான். ஆயிரக்கணக்கான மாணவர்கள், அவர்களுக்குப் பாடம் சொல்லும் பேராசிரியர்கள், விடுதி, நூலகம், சமையற்கூடம், அலுவலகம் என்று அங்கே ஒரு சிற்றூரே இருக்கிறது. அந்தச் சிற்றூருக்கும் பெரட்டு வேண்டும் அல்லவா? அங்கே செய்தி எப்படி நடமாடுகிறது, அது நம் லயத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். நம் ஜொகூர் மாநிலத்துக்குக் கடற்பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் அறிவிப்பு ஒன்று, செய்தி மற்றொன்று. அறிவிப்பு மேலிருந்து கீழே வருவது. தேர்வு நாள், கட்டணம் கட்டக் கடைசி நாள், விடுதியில் இடம், நூலகம் மூடும் நேரம் ஆகியவற்றைப் பதிவாளர் அலுவலகமோ துறைத் தலைவரோ அறிவிப்பார்கள். செய்தி அப்படி அல்ல. நடந்ததைச் சொல்வது செய்தி. ஏன் நடந்தது என்று கேட்பதும் செய்தி. அதை மாணவர்களே எழுதுவார்கள், மாணவர்களே படிப்பார்கள். அறிவிப்பு மட்டும் இருந்து செய்தி இல்லாத இடத்தில் கேள்வி பிறக்காது. செய்தி மட்டும் இருந்து அறிவிப்பு இல்லாத இடத்தில் வேலை நடக்காது. இரண்டும் வேண்டும்.

இனிச் சிங்கப்பூர்க் கதைக்கு வருவோம். அங்கே 1905ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அது பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1920களின் இறுதியில் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இவ்விரண்டும் ஒன்றாகி மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அந்நாளில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் பல்கலைக்கழகம்.

அங்கே மாணவர் சங்கம் ‘மலாயன் அண்டர்கிராட்’ என்னும் பத்திரிகையை நடத்தியது. 1953இல் உருவான சோசலிச மாணவர் கழகம் ‘ஃபஜார்’ என்ற இதழை வெளியிட்டது. ஃபஜார் என்பது வைகறையைக் குறிக்கும் மலாய்ச் சொல். பால் வெட்டப் போகும் நமக்குப் பழகிய நேரந்தான் அது! நாடு அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. 1954ஆம் ஆண்டு மே மாத இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள் மீது அரசு நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. அந்த எண்மரில் பிற்காலத்தில் மலேசியாவில் மருத்துவராகப் பெயர் பெற்ற எம்.கே. ராஜகுமார் ஒருவர். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்து, பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற எட்வின் தம்பு மற்றொருவர். இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் என்ற பெரிய வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர்தான் பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் யூ. ஆகஸ்ட் மாதம் மாணவர்கள் விடுதலை ஆனார்கள். ஒரு மாணவர் இதழில் அச்சான சில பக்கங்கள் நீதிமன்றம் வரை போயின என்றால், கல்லூரிச் செய்தி சின்ன விஷயம் அல்ல என்பது விளங்கும்.

ஆனால் நம் தோட்டங்களுக்கு நேரே தொடர்புடைய கதை இன்னொன்று உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற பேச்சு 1950களில் எழுந்தது. அந்தத் துறையில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற விவாதமும் உடன் எழுந்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட விவாதம் பல்கலைக்கழகத்தின் நான்கு சுவருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். நமக்குத் தெரியவும் வராது.

இதை வெளியே கொண்டுவந்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935இல் பிறந்த ‘தமிழ் முரசு’ நாளேட்டை வளர்த்தவர் அவர். இந்த நாட்டில் வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர், ஆகவே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று அவர் தம் பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பெயரிட்டு ஒரு நிதியையும் தொடங்கினார். தமிழ் நூல்களுக்காகத் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளி தர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

ஒரு வெள்ளிதான். ஆனால் அந்நாளில் அது தோட்டத் தொழிலாளிக்கு எளிதில் கிடைத்த காசு அல்ல. அப்படியிருந்தும் கொடுத்தார்கள். கடைக்காரர் கொடுத்தார், துறைமுகத் தொழிலாளி கொடுத்தார், பால் வெட்டுகிறவரும் கொடுத்தார். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்ததில்லை, மிதிப்போம் என்று நினைத்ததுமில்லை. பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. 1956இல் இந்திய இயல் துறை அமைந்தது, தமிழ் அங்கே பாடமாயிற்று. 1959இல் அந்தத் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் சிங்கப்பூரில் சீனர்கள் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பினார்கள். அதற்கு ரப்பர் முதலாளியும் கொடுத்தார், மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்தவரும் தம் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அறிவிப்பு பல்கலைக்கழகத்தின் பலகையிலேயே இருந்திருந்தால், அந்த ஒரு வெள்ளி வந்திருக்காது. அதை எடுத்து, நமக்குப் புரியும் மொழியில், நம் கைக்கு எட்டும் இடத்தில் ஒருவர் வைத்தார். அதனால் வந்தது.

இன்றைய நிலை என்ன? 1980ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. இன்று அந்நாட்டில் வேறு பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. சுவரில் தொங்கிய பலகையின் வேலையைப் பெரும்பாலும் மின்னஞ்சலும் கைத்தொலைபேசியும் செய்கின்றன. ஆயினும் பழைய வழிகள் அடியோடு அற்றுப்போகவில்லை. தேக்கா என்று நம்மவர் அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் கடைக் கண்ணாடியில் ஒட்டிய சுவரொட்டிகளையும், கோயில் வாசலில் வைத்த அறிவிப்புகளையும் காணலாம். தமிழ் முரசு இன்றும் வருகிறது. ஏப்ரல் மாதத்தில் தமிழ் மொழி விழா நடக்கும்போது, பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் அமைப்புகள் நடத்தும் நிகழ்ச்சிகளின் செய்தியும் அதில் இடம்பெறும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. ஆனால் பல்கலைக்கழகச் சேர்க்கை அறிவிப்பு ஆங்கிலத்தில்தான் வரும். அதை நாம் மறக்கக்கூடாது.

ஆகவே ஓர் அறிவிப்பு கையில் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது? ஐந்து கேள்விகள் கேளுங்கள். யார் அறிவிக்கிறார்கள்? யாருக்காக? கடைசி நாள் எது? என்னென்ன தாள்கள் வேண்டும்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இந்த ஐந்துக்கும் விடை இல்லாத அறிவிப்பை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். “இடம் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது முன்பணம் கேட்டால், அறிவிப்பு வெளியிட்ட கல்லூரியையே நேரில் கேளுங்கள்.

இன்னொன்று, கடைசி வரி வரை படியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சேரும் வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அந்நாட்டு அரசின் மானியம் கிடைக்க வழி உண்டு. அதைப் பெற்றால் கட்டணம் வெகுவாகக் குறையும். நல்ல செய்திதான். ஆனால் அதனுடன் ஓர் ஒப்பந்தமும் வரும். மானியம் பெற்றவர் படிப்பு முடிந்தபின் பொதுவாக மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிணை நிற்கவும் ஆள் வேண்டும். இது தீமை என்று நாம் சொல்லவில்லை. பல பிள்ளைகளுக்கு அது வேலைக்கு வழியாகவே அமையும். ஆனால் “படிப்பு முடிந்ததும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான்” என்று காத்திருக்கும் தாய்க்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். கையெழுத்துப் போடும்போது தெரிய வேண்டியதைப் பட்டம் வாங்கும்போது தெரிந்துகொண்டால், வீட்டில் வீண் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இவ்வளவும் பேசும் நாங்கள் ஒரு முறை தவறினோம். அதையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளிக்குப் போய், எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அந்த ஆண்டு ஓர் உபகாரச் சம்பளத்துக்கான அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம். அவளுக்குப் பொருத்தமாயிருக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டோம். ஆனால் யாரும் லயத்துக்குப் போய்ச் சொல்லவில்லை. படித்த பெண், அவளே பார்த்திருப்பாள் என்று ஒவ்வொருவரும் எண்ணினோம். தீபாவளிக்கு அவள் அம்மா முறுக்குக் கொண்டுவந்தபோதுதான் கேட்டோம்.

“மனுப் போட்டாச்சா அம்மா?”

“எந்த மனு சார்?” என்றார் அந்தத் தாய்.

கடைசி நாள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தப் பெண் ஓர் ஆண்டு ஜொகூர்பாருவில் தொழிற்சாலைக்குப் போனாள். மறு ஆண்டு மனுப் போட்டு, படித்து, இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். எங்களைக் கண்டால் இன்றும் அன்போடுதான் பேசுகிறாள். ஆனால் அந்த ஓர் ஆண்டை அவளுக்குத் திருப்பித் தர எங்களால் முடியாது. அறிவிப்பு எங்கள் மேசை வரை வந்தது. அங்கிருந்து அவள் வீடு அரை மைல்தான். அந்த அரை மைலை நாங்கள் நடக்கவில்லை.

அந்த ஆண்டு முதல் மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். சேர்க்கை, உபகாரச் சம்பளம், நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் கடைசி நாளை மட்டும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். எழுதுவது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு அவர்களே வாசித்தும் காட்டுகிறார்கள். யாருக்கு உரியதோ அவர் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் ஏற்பாடு. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினாலும், நேரில் போவதை நாங்கள் விடுவதில்லை.

உங்கள் தோட்டத்திலும் இதைச் செய்யலாம். ஒரு பலகையும் கொஞ்சம் சுண்ணக்கட்டியும் போதும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், “சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே” என்று கேட்பதோடு, “அங்கே என்ன அறிவிப்பு வந்திருக்கிறது?” என்றும் கேளுங்கள். அது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவலாம். முகம் தெரியாத மாணவர்களின் நூலுக்காக அன்று ஒரு வெள்ளி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முகம் தெரிந்த பிள்ளைக்காக நாலு வீடு தள்ளிப் போய் ஒரு சொல் சொல்வது நமக்குப் பெரிய காரியமா?